மொபெட் என்ஜினில் ‘டக் டக்’ சத்தமா? கிராங்க் ஷாப்டைக் கவனிக்க வேண்டும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், கூடுவாஞ்சேரி வட்டாரம் இன்று கல்லூரிகளும் மனைப் பிரிவுகளுமாக மாறிவிட்டது. ஆனாலும் ஏரிப் பாசனத்தை நம்பி நெல்லும் கீரையும் கத்தரியும் பயிர் செய்வோரும், வீட்டுக்கு இரண்டு மூன்று கறவை மாடு வைத்திருப்போரும் அடியோடு இல்லாமற் போகவில்லை. விடியற்காலையில் பெருஞ்சாலை ஓரம் நின்றால் இவர்களைப் பார்க்கலாம். முன்னால் ஒரு பால் கேன், பின்னால் ஒரு பால் கேன், நடுவில் ஆள். வண்டி பெரும்பாலும் மொபெட்தான். எந்த மாதிரியாக இருந்தாலும் கிராமத்தில் அதற்கு ‘டிவிஎஸ் பிப்டி’ என்றே பெயர்.

உழவு மாட்டுக்கு லாடம் தேய்ந்தால் விவசாயிக்கு உடனே தெரியும். ஆனால் மாட்டின் இடத்தில் இப்போது நிற்கும் இந்த வண்டியின் வயிற்றுக்குள் ஒரு பாகம் தேய்ந்தால், அது வழியில் நின்ற பிறகுதான் தெரிகிறது. அன்றைய பால் கெடுகிறது, கீரைக்கட்டு வாடுகிறது, இரண்டு நாள் பட்டறை வாசலில் போகிறது. அப்படி நிறுத்திவிடும் கோளாறுகளில் தலையானது கிராங்க் ஷாப்ட் கோளாறு. இது திடீரென்று வருவது போலத் தோன்றினாலும் உண்மையில் மாதக்கணக்கில் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது.

கிராங்க் ஷாப்ட் என்பது என்ன?

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, சக்கரமோ சுற்றுகிறது. மேலும் கீழும் போவதைச் சுற்றலாக மாற்றித் தருவதே கிராங்க் ஷாப்டின் வேலை. தையல் மெஷின் மிதியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மிதி மேலும் கீழும் ஆடுகிறது, நடுவில் உள்ள கம்பி பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. என்ஜினில் அந்தக் கம்பிக்குப் பெயர் கனெக்டிங் ராடு. பட்டறைகளில் ‘கன்ராடு’ என்பார்கள்.

மொபெட், மோட்டார் சைக்கிள்களின் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில் கிராங்க் ஷாப்ட் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. இரண்டு கனத்த இரும்புத் தட்டுகள், அவற்றை இணைக்கும் ஒரு பின், அந்தப் பின்னைச் சுற்றி உருளைப் பேரிங், அதன்மேல் கன்ராடின் பெரிய கண் என்ற அமைப்பு. பின்னைத் தட்டுகளில் திருகி மாட்டுவதில்லை. பல டன் அழுத்தம் கொடுத்து இறுக்கி இறக்கியிருப்பார்கள். இரு தட்டுகளின் வெளிப்பக்க அச்சுகளும் இரண்டு பெரிய பேரிங்குகளில் உட்கார்ந்து சுழலும். ஒரு பக்கத்து அச்சில் மாக்னெட், மறு பக்கத்தில் கிளச்சு அல்லது பல்சக்கரம்.

நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும் என்ஜினில் பிஸ்டன் நிமிடத்துக்கு 8,000 தடவை நின்று திசை திரும்புகிறது. அத்தனை தடவையும் அந்த ஒரு பின்னும் அதன் சிறு உருளைகளும்தான் அடி வாங்குகின்றன. எண்ணெய்ப் படலம் நடுவில் இருக்கும்வரை அடி தெரியாது. படலம் அறுந்தால் இரும்பும் இரும்பும் மோதும்.

டூ ஸ்ட்ரோக் வண்டியின் தனிக் குணம்

1980ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50, இருவர் செல்லத்தக்க மொபெட்டாக இந்தியாவில் முதலாவது. அதுவும் அதன் வழிவந்த பழைய எக்ஸ்எல் வண்டிகளும், ராஜ்தூத், எஸ்டி போன்ற மோட்டார் சைக்கிள்களும் டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இவ்வகை வண்டிகள் இப்போது புதிதாக வருவதில்லை. ஆனால் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகள் உண்டு. முதுகில் சுமக்கும் டூ ஸ்ட்ரோக் பவர் ஸ்பிரேயரின் உள்ளமைப்பும் இதுவேதான்.

இந்த வகையில் கிராங்க் ஷாப்ட் எண்ணெயில் மூழ்கிக் கிடப்பதில்லை. பெட்ரோலில் கலந்து ஊற்றும் எண்ணெய் ஒன்றே அதற்கு ஆதாரம். பெட்ரோல் புகை கிராங்க் அறை வழியாகச் சிலிண்டருக்குப் போகும்போது விட்டுச் செல்லும் துளிகளைக் கொண்டே பேரிங்குகள் பிழைக்கின்றன. ஆகவே எண்ணெயில் மிச்சம் பிடிப்பவர் கிராங்க் ஷாப்டை விற்று எண்ணெய் வாங்காமல் விடுகிறார் என்றே சொல்ல வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50க்கு 1 விகிதம். 40 மில்லி என்றால் 25க்கு 1. எது தன் வண்டிக்கு உரியது என்பதைக் கையேட்டில் பார்த்து, அளவு மூடியால் அளந்து ஊற்ற வேண்டும். ‘கண்ணளவு’ போதாது. டூ ஸ்ட்ரோக்குக்கென்று விற்கும் எண்ணெயைத் தவிர வேறு எந்த எண்ணெயும், முக்கியமாகப் பம்புசெட்டில் வடித்த பழைய எண்ணெயும், கூடவே கூடாது.

2015ஆம் ஆண்டில் வந்த எக்ஸ்எல் 100 போர் ஸ்ட்ரோக் வகை. அதில் பெட்ரோலுடன் எண்ணெய் கலப்பதில்லை. என்ஜினுக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது. பழைய வண்டியிலிருந்து புதிய வண்டிக்கு மாறியவர்களில் சிலர் இதை மறந்து, பெட்ரோல் போட்டால் போதும் என்று எண்ணெயின் மட்டத்தையே பார்க்காமல் ஓட்டிவிடுகிறார்கள். போர் ஸ்ட்ரோக் கிராங்க் கெடுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

போர் செய்தும் போகாத சத்தம்

பட்டறைகளில் அடிக்கடி காணும் காட்சி இது. பால் ஊற்றும் விவசாயி ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். மூன்று மாதமாகச் சத்தம். யாரோ சொன்னார்கள் என்று கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. வேறொருவர் சொன்னார் என்று லேத்துப் பட்டறையில் சிலிண்டரைப் போர் செய்து புதுப் பிஸ்டனும் போட்டாயிற்று. பத்து நாள் இழுவை நன்றாக இருந்தது. சத்தம் மட்டும் அப்படியே.

“தம்பி, பிஸ்டன் புதுசு, ரிங்கு புதுசு. இன்னும் என்னப்பா அடிக்குது?” என்கிறார் அவர்.

“அண்ணே, மேல பார்த்தாங்க, கீழ பார்க்கலை. கன்ராடு ஆட்டம் இருக்குது. அதோட புதுப் பிஸ்டனும் போட்டதால அடி இன்னும் பலமா விழுது” என்று பதில் வருகிறது.

சிலிண்டரைக் கழற்றிய அன்றே கன்ராடைக் கையால் பிடித்து ஒரு தடவை அசைத்துப் பார்த்திருந்தால் இரண்டு முறை செலவு வந்திருக்காது. போர் செய்யக் கொடுக்கும் எந்த வண்டியிலும் இந்தச் சோதனையைத் தன் கண்ணெதிரே செய்யும்படி சொந்தக்காரர் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

சத்தத்தைப் பிரித்தறிதல்

எல்லாச் சத்தமும் கிராங்க் சத்தம் அல்ல. காலையில் குளிர்ந்திருக்கும்போது ‘கட கட’ என்று கேட்டு, என்ஜின் சூடானதும் குறைந்துவிடுமானால் அது பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டரில் மோதும் சத்தம். போர் ஸ்ட்ரோக்கில் மேல்பக்கமிருந்து லேசாக, ஒழுங்காக ‘டிக் டிக்’ என்று வருவது டாப்பெட். பிஸ்டனின் சிறு பின் தேய்ந்தால் வெடுக்கென்ற இரட்டைத் தட்டு கேட்கும்.

கன்ராடின் பெரிய கண் தேய்ந்த சத்தம் வேறு. அது கனமாக, அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று வரும். சுமை ஏற்றி மேட்டில் ஏறும்போதும், ஆக்சிலேட்டரைத் திறந்து சட்டென்று மூடும்போதும் தெளிவாகக் கேட்கும். சூடானால் குறையாது, கூடும். பக்கத்துப் பெரிய பேரிங்குகள் கெட்டால் தட்டல் அல்ல, மாவு மெஷின் உறுமுவது போன்ற ஓசையும் கால் வைக்கும் இடத்தில் அதிர்வும் தோன்றும்.

நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் அடிப்பாகத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்டால் எந்த இடத்துச் சத்தம் என்று பிரித்துவிடலாம். வைத்தியரின் குழாய்க்குச் சமமான கருவி இது. ஆனால் சட்டை, துண்டு எதுவும் சுழலும் பாகத்தில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் உண்டு. என்ஜின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கையும் மாக்னெட் மூடியையும் கழற்றி, பிளக் ஓட்டை வழியாகப் பிஸ்டன் தலையில் படும்படி ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் தொட்டபடி பிடிக்க வேண்டும். ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பியைத் திணிக்கக் கூடாது. (ஈர்க்குச்சி வேண்டாம், ஒடிந்து உள்ளே விழுந்தால் அதற்கொரு வேலை.) பிறகு மாக்னெட்டைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். மாக்னெட் அசைந்தும் கம்பி அசையாத ஒரு சிறு ‘செத்த இடம்’ தென்பட்டால், பெரிய கண்ணிலோ சிறு பின்னிலோ தேய்மானம் வந்துவிட்டது என்று பொருள். பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ இருக்கும்போது பார்த்தால் இது ஏமாற்றும். பாதி வழியில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அதே சமயத்தில் மாக்னெட்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பார்க்கலாம். சிறிதளவு ஆட்டம் கைக்குத் தெரிந்தாலும் அந்தப் பக்கத்துப் பேரிங் போய்விட்டது. பிளாட்டினம் பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளில் இதற்கு இன்னொரு அடையாளம், பாயிண்ட் இடைவெளியை எத்தனை முறை சரியாக வைத்தாலும் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருப்பது. பாயிண்டைக் குறைகூறி மூன்று பாயிண்ட் மாற்றியவர்கள் உண்டு. குற்றம் பாயிண்டில் இல்லை. ஆடும் அச்சில் இருக்கிறது.

சிலிண்டரைக் கழற்றிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. கன்ராடை உச்சி நிலையில் நிறுத்தி, நேர் மேலே இழுத்தும் கீழே அமுக்கியும் பார்க்க வேண்டும். மேல்கீழ் ஆட்டம் அறவே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது குற்றமல்ல. அது எண்ணெய் போவதற்காக விடப்பட்ட இடைவெளி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கிராங்க்கைக் கழற்றுவோரும் உண்டு, கெட்டதை மாட்டுவோரும் உண்டு. கன்ராடின் கண் பக்கம் நீலம் பாய்ந்திருந்தால் அது எண்ணெய் இல்லாமல் சூடேறியதற்குச் சாட்சி.

சிறிய சீல், பெரிய நஷ்டம்

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் அச்சு வெளியே வரும் இரு பக்கமும் ரப்பர் ஆயில் சீல்கள் உண்டு. மாக்னெட் பக்கத்துச் சீல் கிழிந்தால் காற்று உள்ளே இழுபடும். பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் விகிதத்தில் குறைந்து என்ஜின் கொதிக்கும். ஆக்சிலேட்டரை மூடினாலும் வேகம் இறங்காமல் வண்டி அலறும். கியர் எண்ணெய் உள்ள பக்கத்துச் சீல் கிழிந்தால், அந்த எண்ணெய் உள்ளே போய் எரிந்து சைலன்சரில் வெண்புகை கக்கும். கியர் எண்ணெயின் மட்டமும் காரணம் தெரியாமல் குறையும். மலிவான இந்த ரப்பர் வளையத்தை ஆட்டம் கண்ட பேரிங்தான் பெரும்பாலும் கெடுக்கிறது. ஆகவே பேரிங்கைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடியும் அதே கதை.

பட்டறையில் நடக்க வேண்டியது

கிராங்க் வேலைக்கு என்ஜினை வண்டியிலிருந்து இறக்கி, இரு பாதியாகப் பிரிக்க வேண்டும். பேரிங்குகளை உளியும் சுத்தியலும் வைத்து அடிக்காமல், கேஸைச் சுமார் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் அலுமினியம் விரிந்து பேரிங் தானே கழன்று வரும். தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ என்று குதிக்கும் சூடு போதும். அலுமினியக் கேஸில் அடி விழுந்தால் பேரிங் உட்காரும் வளையம் தளர்ந்துவிடும். பிறகு எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் நிற்காது.

கிராங்க் ஷாப்டை மறைமலைநகர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் உள்ள, ஹைட்ராலிக் பிரஸ்ஸும் டயல் கேஜும் வைத்திருக்கும் லேத்துப் பட்டறைக்கு அனுப்புவதே நல்லது. பிரிக்குமுன் இரு தட்டுகளின் குறுக்கே நேர்க்கோடு ஒன்று கீறிக்கொள்வார்கள். சேர்க்கும்போது அதுவே வழிகாட்டி. பழைய பின், பேரிங், கன்ராடு, பக்க வாஷர் எல்லாவற்றையும் ஒரே கிட்டாகப் புதிதாகப் போட வேண்டும். பின்னை மட்டும் மாற்றிப் பழைய கன்ராடை விடுவது மிச்சமல்ல. எண்ணெய்த் துவாரம் உள்ள பின்னாக இருந்தால் அந்தத் துவாரம் தட்டின் துவாரத்தோடு நேராக அமைகிறதா என்று பார்த்தே அழுத்த வேண்டும். இதில் தவறினால் புது கிராங்க்குக்கு எண்ணெயே போகாது.

அழுத்தி முடித்த பிறகுதான் உண்மையான வேலை. கிராங்க்கை இரு முனைகளுக்கு நடுவில் தாங்கிச் சுற்றி, அச்சு எவ்வளவு கோணுகிறது என்று டயல் கேஜில் பார்ப்பார்கள். பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு இது. கூடுதலாக இருந்தால் செம்புச் சுத்தியலால் தட்டின் விளிம்பில் தட்டியும், ஆப்பு வைத்தும் நேராக்குவார்கள். இதைக் கண்ணால் பார்த்தே முடித்துவிடும் பட்டறையில் கொடுத்தால், வண்டி கைப்பிடியும் மரத்துப்போகும்படி அதிரும். புதுப் பேரிங்குகளும் நெடுநாள் தாங்கா.

ஒரே கிராங்க்கைப் பலமுறை பிரித்துச் சேர்த்திருந்தால் தட்டின் ஓட்டை பெரிதாகிவிடும். புதிய பின் கையாலேயே நுழைகிறது என்றால் அந்தத் தட்டுகள் முடிந்துபோயின. அப்போது ‘ஒரு வெல்டு வைத்துத் தருகிறேன்’ என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. வெல்டிங் சூட்டில் தட்டு கோணும். அடுத்த முறை பிரிக்கவும் முடியாது. அத்தகைய நிலையில் முழு கிராங்க் ஷாப்டாகவே வாங்குவது மேல். அதன் விலை வண்டியின் விற்பனை விலையை நெருங்குமானால் செலவு செய்யலாமா என்பதைச் சொந்தக்காரர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சட்டமும் கேஸும் நன்றாக இருந்து, தினமும் சம்பாதித்துக் கொடுக்கும் வண்டியானால் பெரும்பாலும் செய்வதே லாபம். கேஸே விரிசல் விட்டிருந்தால் வேண்டாம்.

கேஸைச் சேர்க்கும்போது இரண்டு பேரிங், இரண்டு ஆயில் சீல், கேஸ்கட் ஆகியவை புதிதாகவே இருக்க வேண்டும். பேரிங் வாங்கும்போது எண்ணோடு ‘சி3’ என்ற குறியும் பழைய பேரிங்கில் இருந்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். சூட்டில் விரிவதற்கு இடம் விட்டுச் செய்த பேரிங் அது. பம்புசெட் மோட்டாருக்கு வாங்கிய அதே எண் பேரிங் மிச்சமிருக்கிறதே என்று குறியைப் பார்க்காமல் போட்டால் இறுகிக்கொள்ளும்.

புல்லட் வைத்திருப்போருக்கு

1955இல் திருவொற்றியூரில் தொடங்கி, 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலை கண்ட ராயல் என்பீல்டு வண்டி இந்த மாவட்டத்தாருக்கு அயலானது அல்ல. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் குறுக்களவு, 90 மில்லிமீட்டர் நீள ஓட்டம். அதன் பெரிய கண்ணில் உருளைகளுக்குப் பதிலாக மிதக்கும் புஷ் இருந்தது. புஷ்ஷுக்கு இடைவிடாத எண்ணெய் வேண்டும். எண்ணெய்ப் பம்ப் சோம்பினாலோ, வடிகட்டி அடைத்தாலோ அது உருகிவிடும். பம்பை ஓட்டும் புழுப்பல் நட்டு இடப்பக்க மரை கொண்டது. வழக்கம்போல் திருப்பிக் கழற்ற முயன்று உடைத்தவர்கள் பலர்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாற்றங்கரையிலும் ஏரிகளுக்குக் கீழேயும் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் கிக்கரை உதைத்தது. அதுதான் தவறு. தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் கன்ராடு வளையும்.

மூழ்கிய வண்டியில் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டாங்கியிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். போர் ஸ்ட்ரோக்கானால் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாகியிருக்கும். அதை வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சிறிது ஓட்டியபின் மறுபடியும் மாற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலும் சரிபாதியாகக் கலந்து பிளக் ஓட்டை வழியே சிறிதளவு விட்டுச் சுற்ற வேண்டும். இதையெல்லாம் ஒன்றிரண்டு நாளுக்குள் செய்துவிட்டால் கிராங்க் பிழைக்கும். உருளைகளில் ஒரு தடவை துருப்புள்ளி விழுந்துவிட்டால், துடைத்தாலும் குழி இருக்கும். வண்டி ஓடும், ஆனால் சில மாதத்தில் ‘டொக் டொக்’ தொடங்கும். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் ஸ்பிரேயருக்கும் இதே கதிதான். உள்ளே வைக்குமுன் பெட்ரோலை வடித்து, பிளக் ஓட்டையில் சிறிது எண்ணெய் விட்டுச் சுற்றி வைப்பது நல்லது.

சுமையும் ஓட்டமும்

40 லிட்டர் கேனில் பால் மட்டும் ஏறக்குறைய 41 கிலோ. இரண்டு கேனும் ஓட்டுபவரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கால்நடைப் பயிற்சிக்காக வருவோரின் வண்டிகளிலும் திரும்பும்போது ஒரு தீவன மூட்டை ஏறிவிடுவது உண்டு. சுமை தவிர்க்க முடியாததுதான். ஆனால் சுமையோடு மேட்டில் ஏறும்போது கியர் உள்ள வண்டியில் கியரைக் குறைக்காமல் ‘திணறத் திணற’ இழுப்பது பெரிய கண்ணை நேராக அடிப்பதாகும். வாய்க்கால் கரைத் தூசியில் ஓடும் வண்டியில் ஏர் பில்டரைக் கழற்றி எறிவதும் அப்படியே; இழுவை கூடியது போலத் தோன்றும், உள்ளே போவதோ மணல். டூ ஸ்ட்ரோக் வண்டியை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியபடி நெடுந்தூரம் வேகமாக விட்டால், பெட்ரோலோடு எண்ணெயும் நின்றுவிடும். நடுநடுவே சிறிது திறந்து விடுவது பழைய ஓட்டுனர்களின் பழக்கம்.

கிராங்க் மாற்றிய வண்டிக்கு முதல் 500 கிலோமீட்டர் பத்தியக் காலம். முழு வேகம் கூடாது. ஒரே வேகத்தில் நெடுநேரமும் ஓட்டக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும். அந்தத் தூரம் ஓடியதும் போர் ஸ்ட்ரோக்கில் எண்ணெயை மாற்றி, வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்கலாம். மினுமினுக்கும் பொடி சிறிதளவு இருப்பது வழக்கம். செதிலாக இருந்தால் உடனே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது பால் கேனைக் கட்டுவது இந்த 500 கிலோமீட்டருக்குப் பிறகுதான்.